கோழி உலவும் வளவுக்கு எந்த நாய்?

திருகோணமலையில் கோழியும் நாயும் ஒரே வளவில் இருப்பது புதுமையான காட்சி இல்லை. அன்புவழிபுரம், பாலையூற்றுப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்தால், படலையடியில் நாய் படுத்துக் கிடக்க, அதன் வாலுக்கு அருகிலேயே பேடு குஞ்சுகளோடு மண் கிளறுவதைப் பார்க்கலாம். அந்த நாய்கள் பெரும்பாலும் ஊர்நாய்கள். இப்போது ஐந்தாறு ஊர்க்கோழி வைத்திருக்கும் வீடுகளிலும் ஆசைக்குச் சாதிநாய்க்குட்டி வாங்குகிறார்கள். குட்டி வளர்ந்து ஆறேழு மாதம் ஆனதும் முற்றத்தில் இறகு பறக்கத் தொடங்குகிறது. அதோடு நாய்க்கு ஆயுள் முழுக்கச் சங்கிலி, இல்லையென்றால் கோழி வளர்ப்புக்கு முழுக்கு. குட்டி வாங்கும் முன்பே கொஞ்சம் யோசித்தால் இந்த இரண்டு முடிவுக்கும் போகத் தேவையில்லை.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமலையின் சாதாரண வீட்டு வளவுக்கு, கோழிகள் நடமாடும் வளவில் பிறந்த ஊர்நாய்ப் பெட்டைக்குட்டிக்கு மேல் பொருத்தமானது எதுவும் இல்லை. சாதிநாய்தான் வேண்டும் என்றால் லப்ரடோர். அதற்கும் ஒன்றரை, இரண்டு வருடம் பொறுமை வேண்டும். மற்றவற்றை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

முதலில், நாய் யாரிடமிருந்து கோழியைக் காக்க வேண்டும்? பகலில் கீரி வரும், உடும்பு முட்டைக்கு வரும், குஞ்சுகளுக்குக் காகமும் வல்லூறும் வரும். இரவில் மரநாய் கூரை வழியாகவும் மரக்கிளை வழியாகவும் இறங்கும். காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் நரியும் உண்டு. சாரைப்பாம்பு குஞ்சையும் முட்டையையும் விழுங்கும். இவை எல்லாவற்றோடும் கட்டாக்காலி நாய்களைச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்து வேலி பாய்ந்தால் ஒரே இரவில் கூட்டையே காலி பண்ணிவிடும்.

இந்தப் பட்டியலில் நாயால் நன்றாகத் தடுக்கக்கூடியவை கீரி, நரி, உடும்பு, வெளிநாய்கள். காகத்தையும் வல்லூறையும் குரைத்துக் கலைக்கும், அவ்வளவுதான். மரநாயைப் பார்த்துக் குரைத்து உங்களை எழுப்பும். பாம்புக்கு நாய் மருந்தே இல்லை. அதற்குக் கூடுதான் வேண்டும். அரை அங்குலக் கண் உள்ள பலமான ஒட்டுக்கம்பி வலை, அதன் அடி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைந்திருக்க, மேலும் மூடி, பொழுதுபட முன்னரே கதவு அடைத்துவிட வேண்டும். கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பி கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, கீரியையும் நாயையும் வெளியே வைத்திருக்காது. நல்ல நாய் இருக்கிறது என்று கூட்டைத் திறந்துபோட்டு உறங்குகிற வீட்டில் எந்த இனமும் பயன்படாது.

அடுத்தது நாயின் உள்ளே இருக்கும் வேட்டை. அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் காவல்நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் கொப்பிங்கர் இதை ஒரு தொடராக விளக்கினார். இரையைக் கண்டுகொள்வது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கடித்துக் கொல்வது, கிழித்துத் தின்பது என்று அது போகும். ஓநாயில் இந்தத் தொடர் முழுமையாக ஓடும். மனிதன் தனக்கு வேண்டிய வேலைக்கு ஏற்ப ஒவ்வொரு இனத்திலும் சில கண்ணிகளைப் பெருக்கினான், சிலவற்றை மங்கவைத்தான். ஆடு மேய்க்கும் கொலி நாயில் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் பெருத்து, கொல்வது மங்கிப்போனது. பறவை எடுத்துவரும் ரிட்ரீவரில் கவ்வுவது தங்கியது, ஆனால் மென்மையாக. டெரியரில் கடைசிக் கண்ணிகள் கூர்மையாக்கப்பட்டன. மந்தைக் காவல்நாயில் தொடர் முழுவதுமே அடங்கிக் கிடக்கிறது.

கோழியோ ஓடும், சிறகடிக்கும், கத்தும். ஒரு நாய்க்குள் தூங்கும் துரத்தலை எழுப்ப இதைவிட வேறு எதுவும் வேண்டியதில்லை. ஆகவே ‘இந்த நாய் சாதுவா, கோபக்காரனா’ என்று கேட்பது உதவாது. பிள்ளைகளோடு கொஞ்சி விளையாடும் சாதுவான பீகிள், கோழியைக் கண்டால் வேறு நாயாகிவிடும். வந்தவரையெல்லாம் உறுமும் முரட்டு ஊர்நாய், குஞ்சு தன் முதுகில் ஏறினாலும் கண் திறக்காது. மனிதரோடு அது எப்படி என்பது ஒரு கணக்கு, ஓடுகிற சிறு உயிரோடு எப்படி என்பது முற்றிலும் வேறு கணக்கு.

மூன்றாவது, நம்முடைய வெயில். மே தொடங்கி செப்ரெம்பர் வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெப்பம் 35 பாகையைத் தொடும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் அடைபடும். பகல் முழுக்க முற்றத்தில் நிற்க வேண்டிய நாய்க்கு இது சின்ன விசயம் இல்லை. அடர்ந்த இரட்டை முடி உள்ளதும், மூக்குச் சப்பையான பக், புல்டோக் போன்றவையும் காவலுக்கு என்று வெளியே விடக்கூடாதவை. ஹஸ்கியை இந்த ஊர் வெயிலுக்குக் கொண்டுவருவதே பாவம். கோழி வீட்டுக்கு அதன் துரத்தலும் சேர்ந்து இரட்டைப் பிழை.

இனி ஒவ்வொன்றாக.

ஊர்நாயை மேலே வைப்பதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை. குட்டை முடி, நடுத்தர உடம்பு, நீண்ட மூக்கு, மெல்லிய இடுப்பு எல்லாம் இந்த மண்ணிலேயே உருவானவை. சோறும் சூடைமீனும் தின்று உடம்பைத் தேற்றும். இன்னொரு காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் கோழிகளுக்கு நடுவே வாழ்ந்த நாய்களில், கோழி பிடித்தவற்றை ஊர் விட்டுவைக்கவில்லை. அடித்துத் துரத்தினார்கள், தூர இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள், கொன்றும் இருக்கிறார்கள். கோழியைச் சட்டை செய்யாதவைதான் முற்றத்தில் தங்கி, சோறு தின்று, குட்டி போட்டன. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்தத் தெரிவு, காசு கொடுத்து வாங்கும் எந்தச் சான்றிதழையும்விடப் பெறுமதியானது.

ஆனால் எல்லா ஊர்நாயும் ஒன்று இல்லை. கடற்கரையிலும் சந்தையிலும் கூட்டமாகத் திரிந்து வளர்ந்த தாயின் குட்டிக்கும், வளவுக்குள் வளர்ந்த தாயின் குட்டிக்கும் வித்தியாசம் உண்டு. தெருவில் பாவப்பட்டு நிற்கும் குட்டியைத் தூக்கி வருவது நல்ல மனம். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குட்டியைக் கோழிகளோடு விடும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் தாய் எப்படி என்பது தெரியாது. முடிந்தவரை தம்பலகாமம், சாம்பல்தீவு, ஆலங்கேணி போன்ற இடங்களில் கோழி வளர்க்கும் தெரிந்த வீட்டில் சொல்லிவைத்து எடுங்கள். போய்த் தாயைப் பாருங்கள். தாயின் சாப்பாட்டுக் கோப்பையை நோக்கிக் கோழி வரும்போது அது என்ன செய்கிறது? உறுமி விலக்கினால் பிழையில்லை, அது எல்லை காட்டுவது. எழுந்து விரட்டிக்கொண்டு ஓடினால் வேறு வீடு பாருங்கள். பிறகு குட்டிகளைக் கோழி நடமாடும் இடத்தில் விட்டுக் கவனியுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் குட்டி, பேடு கொத்தியதும் பின்வாங்கும் குட்டி நல்லது. உடம்பு விறைத்து, தலை தாழ்த்தி, கண் சிமிட்டாமல் பார்க்கும் குட்டி கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் உங்கள் வளவுக்கு வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

பெட்டை ஏன்? கடுவன் துணை தேடி நாள்கணக்கில் வளவை விட்டுப் போய்விடும், சண்டையில் கிழிபட்டு வரும். கருத்தடை செய்த பெட்டை வீட்டோடு நிற்கும். பெட்டைக்குட்டியை யாரும் எடுக்காமல் தெருவில் விடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு பெட்டையை எடுத்துக் கருத்தடை செய்வது உங்கள் கோழிக்கும் நல்லது, அந்த உயிருக்கும் நல்லது.

லப்ரடோர் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவரோடு வேலை செய்த நாய்களின் வழி வந்தது. பிறகு இங்கிலாந்தில் சுட்டு விழுத்திய பறவையைச் சேதமில்லாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். அதன் வாய் மென்மை. கொல்லும் எண்ணம் குறைவு, சொல் கேட்கும், பிள்ளைகளோடு ஒட்டும். ஆபத்து எங்கே என்றால், பறவையை எடுத்துவருவதுதான் அதன் இரத்தத்தில் ஊறிய வேலை. இளம் லப்ரடோர் பேட்டைக் கவ்வித் தூக்கிக்கொண்டு பெருமையோடு உங்களிடம் வரும். பல்லுக் காயம் இருக்காது, பேடு அதிர்ச்சியிலேயே செத்திருக்கும். இரண்டு வயதுக்குப் பிறகு பெரும்பாலானவை அடங்கி நல்ல துணையாகும். வாய் அடங்காத தீனி இன்னொரு சிக்கல். கோழித்தீனையும் முட்டையையும் சேர்த்து விழுங்கிக் கொழுத்துவிடும். காவலன் என்ற வகையில் சராசரிதான்: கீரி வந்தால் விரட்டும், மனிதர் வந்தால் வால் ஆட்டும். கோல்டன் ரிட்ரீவரும் ஏறக்குறைய இதே குணம், ஆனால் அந்த முடியோடு இந்த வெயில் அதற்குச் சுமை.

இங்கே அல்சேஷன் என்று சொல்லும் ஜேர்மன் ஷெப்பேர்ட்டை விரும்புவோர் அதிகம். ஆடு மேய்த்த வழி வந்தது என்பதால் கோழியோடும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறார்கள். மேய்ப்பது என்பது அடக்கிவைத்த துரத்தல். ஆட்டைச் சுற்றி ஓடினால் ஆடு கூட்டமாகும். கோழியைச் சுற்றி ஓடினால் கோழி சிதறும், பயத்தில் முட்டை நிற்கும். ஒழுங்காகப் பயிற்சி கொடுக்க ஆளும் நேரமும் உள்ள வீட்டில் அல்சேஷன் மிக நல்ல கோழிக்காவலனாக வரக்கூடும், ஏனென்றால் ஒருமுறை ‘இது வீட்டுச் சொத்து’ என்று விளங்கிவிட்டால் மறக்காது. அந்த நேரம் இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம். ‘லயன் ஷெப்பேர்ட்’ என்று விற்கும் நீண்ட முடிக்குட்டிகள் வெயில் விசயத்தில் இன்னும் கடினம். ரொட்வைலரும் மாடு ஓட்டிய வழி வந்ததுதான். அதே கணக்கு, ஆனால் தவறு நடந்தால் சேதம் பெரிது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கோழி முட்டை வாங்க வந்துபோகும் வளவில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பொமரேனியன் நம் ஊரில் பழகிய முகம். பெரிய பேட்டையும் சேவலையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, சேவல் ஒரு உதை விட்டால் உள்ளே ஓடிவிடும். குஞ்சுகளைத் துரத்தும், ஓயாமல் குரைக்கும். அந்தக் குரைப்பை ஒரு அறிவிப்பு மணியாக எடுத்தால் பயன் உண்டு. நரியையோ கட்டாக்காலியையோ எதிர்க்க அனுப்பினால் நாயையும் இழப்பீர்கள்.

டெரியர், டாஷ்ஹண்ட், பீகிள் மூன்றையும் ஒரே வரியில் விலக்கலாம். ஜாக் ரசல் நரியைப் பொந்திலிருந்து கிளப்ப, டாஷ்ஹண்ட் பொந்துக்குள்ளேயே போய்ப் பிடிக்க, பீகிள் முயலின் மணம் பிடித்து ஓட உருவானவை. எலி பிடிக்கும் என்று சொல்லி ஜாக் ரசலை வாங்குகிறார்கள். எலி பிடிக்கும், உண்மைதான். அதே வேகத்தில் ஒரு அடைக் குஞ்சுகளையும் முடிக்கும். நாகத்தையும் கண்ணாடி விரியனையும் கண்டாலும் பின்வாங்காமல் பாயும், அது அதன் உயிருக்கே கேடு.

தமிழ்நாட்டு நாய்கள் மீது நமக்கு ஒரு பாசம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்ற பெயர்களைக் கேட்டாலே நம்முடையது என்ற உணர்வு வருகிறது. வெயில் தாங்கும், முடி குட்டை, வீட்டாருக்கு விசுவாசம். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு வேகத்தால் பிடிக்க வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போனது. ஓடுகிற பேடு அவற்றின் கண்ணில் படும் நேரத்துக்கும் வாயில் அகப்படும் நேரத்துக்கும் இடையில் நீங்கள் வாய் திறந்து பெயர் சொல்லக்கூட முடியாது. கோழி இல்லாத, சுற்றுமதில் உள்ள பெரிய வளவில் அவை அழகு.

கோழிக்கென்றே பிறந்த நாய் உலகத்தில் இருக்கிறதா என்றால், ஓரளவு இருக்கிறது. இத்தாலியின் மரெம்மா, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைகளின் கிரேட் பைரனீஸ், துருக்கியின் அனடோலியன் போன்ற மந்தைக் காவல்நாய்கள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வார்ணம்பூல் கரைக்கு அருகே மிடில் ஐலண்ட் என்ற சின்னத் தீவு உண்டு. அங்கே நூற்றுக்கணக்கில் வாழ்ந்த குட்டிப் பென்குவின்களை, கடல் வற்றும் நேரத்தில் நடந்து வந்த செந்நரிகள் தின்று தீர்த்தன. 2005இல் பத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. அந்தப் பகுதியில் வெளியில் திரியவிட்டுக் கோழி வளர்த்த அலன் மார்ஷ், தன் கோழிகளை மரெம்மா நாய்கள் காப்பதைக் கண்டு, பென்குவினையும் அவை காக்கும் என்றார். 2006இல் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். நரி வரவு நின்றது, பென்குவின்கள் மீண்டும் நூறைத் தாண்டின. பறக்காத பறவையை ஒரு நாய் தன் சொந்தமாகக் கருதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் மரெம்மா எடுக்கலாமே? நம் ஊருக்குச் சரிவராது. நாற்பது கிலோ உடம்பு, மலைக்குளிருக்கான அடர்முடி, இரவெல்லாம் அடித்தொண்டையில் குரைப்பு, பல ஏக்கர் சுற்றித் திரியும் பழக்கம். இங்கே குட்டி தேடுவதும் பெரும்பாடு. அனடோலியனுக்கு முடி கொஞ்சம் குட்டை, ஆனால் உடம்பு இன்னும் பெரிது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றை வளர்க்கும் முறையை. அந்த நாய்களைச் சிறு குட்டியிலேயே, மூன்று நான்கு மாதம் ஆவதற்குள், காக்க வேண்டிய உயிர்களின் மணத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே வளர்க்கிறார்கள். அந்த வயதில் தம்மோடு சேர்ந்து வளர்ந்தவை பிறகு இரையாகத் தெரிவதில்லை. இதே முறை ஊர்நாய்க்கும் அப்படியே பொருந்தும்.

குட்டி வந்த நாளிலிருந்து அதன் படுக்கையைக் கூட்டுக்குப் பக்கத்தில், கம்பிக்கு இப்பால் போடுங்கள். காலையில் தீன் போடும்போது கயிற்றில் பிடித்துக் கூட்டிப் போங்கள். கோழியைப் பார்த்து அமைதியாக இருந்தால் ஒரு துண்டு மீன். நல்ல மூத்த பேடு ஒன்று இரண்டு தரம் மூக்கில் கொத்திவிட்டால், நீங்கள் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுப்பது அன்றே முடிந்துவிடும். தடுக்காதீர்கள், கொத்து குட்டியின் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தொடங்கி ஒன்றரை வயது வரை மிக அபாயமான காலம். அந்த வயதில் கோழி சாவது பசியால் அல்லாமல் விளையாட்டால். யாரும் வீட்டில் இல்லாத நேரம் நாயையும் கோழியையும் ஒன்றாக விடவேண்டாம். அடை பொரித்த குஞ்சுகள் இருந்தால் இன்னும் கவனம்.

நாய்க்குச் சோறு வைக்கும் இடம் கோழி எட்டாத இடமாக இருக்கட்டும். நம் வளவுகளில் நாய் கோழியைக் கடிக்கும் சம்பவங்களில் பல, வேட்டையால் வருவதில்லை. கோப்பைக்குள் கோழி தலையை விட்டதால் வருபவை. கோழி உரிக்கும் நாளில் குடலையும் இறகையும் கூட்டடியில் நாய்க்கு எறியக்கூடாது, சமைத்த எலும்பும் கொடுக்கக்கூடாது. வெந்த எலும்பு உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். முட்டையை நேரத்தோடு பொறுக்கிவிடுங்கள்.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது நாய்க்கு எதையும் கற்பிக்காது. மூன்று நாள் அழுகலைச் சுமக்கும் நாய், தான் செய்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்காது. உங்களுக்குப் பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். அடியும் அப்படித்தான்.

வீட்டுக்கு வீடு விடை மாறும். உவர்மலை போல வீடுகள் நெருங்கிய இடத்தில் கோழியை எப்படியும் அடைத்துத்தான் வளர்க்க வேண்டும். கம்பி நல்லதாக இருந்தால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள நாய் எந்த இனமாக இருந்தாலும் சமாளிக்கலாம். நிலாவெளி, குச்சவெளி, கன்னியாப் பக்கம் பற்றைக்காட்டை ஒட்டிய வளவென்றால் ஒரு நாய் போதாது. இரண்டு ஊர்நாய் வையுங்கள், ஆனால் முதல் நாய் முழுதாக அடங்கிய பிறகே இரண்டாவது குட்டி. ஒரே நேரத்தில் இரண்டு குட்டி எடுத்தால் ஒன்றை ஒன்று உசுப்பி, தனியாக ஒருபோதும் செய்யாததைச் சேர்ந்து செய்யும். நாய் வளர்க்க விரும்பாத வீடுகளில் இரண்டு மூன்று கினிக்கோழி விட்டுப் பாருங்கள். எதிரியை அடிக்காது, ஆனால் அந்நிய உயிர் எது வந்தாலும் ஊரே கேட்கக் கத்தும்.

எந்த நாயாக இருந்தாலும் விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் தவறக்கூடாது. கோழியைக் காக்கும் நாய் நரியோடும் கீரியோடும் வாய் வைக்கும் நாய். இரண்டும் விசர்நோயைக் காவக்கூடியவை. உண்ணிக் காய்ச்சலும் இந்தப் பக்கம் நாய்களைக் கொல்கிறது, ஆகவே காதையும் விரலிடுக்கையும் அடிக்கடி பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் வளர்ந்த நாய் ஒன்று கோழியைக் கொன்று தின்று பழகிவிட்டால், அதைப் பழையபடி கோழிகளோடு விடலாம் என்று நம்ப வேண்டாம். கோழிக்கு நிரந்தரக் கம்பி அடைப்பு ஒன்று போடுங்கள், அல்லது கோழி இல்லாத நல்ல வீடு ஒன்று தேடி, நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்த நாயைக் கொடுங்கள்.